வயதான அம்மா, அப்பாவுக்கு "ஞாபகசக்தி பேக்கேஜ்" கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

சென்னையில் ஒரு தனியார் நினைவாற்றல் மையத்தில் என் அம்மாவுக்கு நடந்ததை எழுதுகிறேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் போடவில்லை.

அம்மாவுக்கு 74 வயது. அல்சைமர் ஆரம்ப நிலை, அதற்கு டோனெபெசில் சாப்பிட்டு வந்தார். அப்பா போன பிறகு சாப்பாடு குறைந்துவிட்டது, பூ கட்டுவதை விட்டுவிட்டார், விடிவதற்கு முன்பே எழுந்து கட்டிலில் உட்கார்ந்துகொண்டு "நான் எதுக்கு இருக்கேன்" என்பார். இது வெறும் மறதி இல்லை, மனச்சோர்வும்தான் என்று எங்களுக்கே பட்டது, அதனால்தான் அங்கே போனோம். டாக்டர் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் கவுன்சிலர் என்று ஒரு பெண் வந்து, மூளைக்குச் சத்து ஏற்றும் ட்ரிப்ஸ், 40 ஆயிரம் ரூபாய், இன்றே கட்டினால் தள்ளுபடி, ஞாபகம் பழையபடி வந்துவிடும் என்று சொல்லி வாங்கிவிட்டார். அல்சைமரில் போன ஞாபகத்தைத் திருப்பிக் கொண்டுவரும் ட்ரிப்ஸ் எங்கேயும் கிடையாது. அப்படி யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

பணத்தைவிடக் கொடுமை மாத்திரைதான். மனச்சோர்வுக்கு அமிட்ரிப்டிலின், தூக்கத்துக்குக் குளோனசெபாம். நான் நீட்டிய பழைய மாத்திரைப் பையை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. அதில் அடிக்கடி சிறுநீர் வருவதைக் குறைக்கும் ஆக்சிபியூட்டினின் இருந்தது. அதுவும் அமிட்ரிப்டிலினும் மூளையில் ஞாபகத்துக்கு உதவும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தைத் தடுப்பவை. அல்சைமரில் ஏற்கெனவே குறைந்துபோயிருப்பது அதுதான், அதைக் கூட்டத்தான் டோனெபெசிலே கொடுக்கிறார்கள். ஆக்சிலேட்டரையும் பிரேக்கையும் சேர்த்து மிதிப்பது போலத்தான் இது.

சில நாளிலேயே அம்மாவுக்கு நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, பேச்சு குழறியது, என்னைத் தன் அக்கா என்று நினைத்துக் கூப்பிட்டார், படுக்கை விரிப்பின் ஓரத்திலிருந்து நூலை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே இருந்தார். ஒரு ராத்திரி சிறுநீர் அடைத்துக்கொண்டு வலியில் துடித்துவிட்டார், எமர்ஜென்சியில் ட்யூப் போட்டுத்தான் எடுத்தார்கள். மையத்துக்கு போன் செய்தால், "நோய் முற்றுது மேடம், பெரிய பேக்கேஜுக்கு மாறிக்கோங்க" என்கிறார்கள்!

பிறகு பார்த்த முதியோர் நல மருத்துவர் மாத்திரைப் பையை மேசையில் கொட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தார். தைராய்டு, பி12, சோடியம் பரிசோதனை எழுதினார், இதில் எது கெட்டாலும் வயதானவர்களுக்கு மறதியும் சோர்வும் கூடும். அமிட்ரிப்டிலினையும் ஆக்சிபியூட்டினினையும் நிறுத்தினார், குளோனசெபாமைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார் (அதை நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள், ஆபத்து). செர்ட்ராலின் குறைந்த அளவில் தந்தபோதும், மறதி நோயோடு வரும் மனச்சோர்வுக்கு இது பலருக்குப் பெரிதாக உதவுவதில்லை, 2011-இல் வந்த பிரிட்டிஷ் ஆய்விலேயே அப்படித்தான் தெரிந்தது, பலன் இல்லையென்றால் நிறுத்திவிடலாம், பகலில் பேச்சுத் துணையும் கைக்கு வேலையும் அவசியம் என்று உள்ளதைச் சொன்னார். அம்மா இப்போது உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவித் தருகிறார். மறதி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் என்னை அடையாளம் தெரிகிறது.

மையத்தில் கேஸ் ஷீட் தர முடியாது என்றார்கள். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002 மருத்துவ நெறிமுறை விதிகளிலேயே இருக்கிறது, அதைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்து வாங்கினேன். மருத்துவக் கவுன்சில் புகாரோடு அதை இணைத்திருக்கிறேன். ரசீதில் "ஆலோசனைக் கட்டணம்" என்று மட்டும்தான் இருக்கிறது, ட்ரிப்ஸ் பற்றி ஒரு வரி இல்லை. நீங்கள் எங்கே கட்டினாலும் மருந்தின் பெயர் போட்டு ரசீது வாங்குங்கள்.