வடகடல் படகுக்கு எது சரி: ஹீட் எக்ஸ்சேஞ்சரா, கீல் கூலரா?

எங்கள் விசைப்படகில் இன்ஜின் சூட்டைத் தணிக்க இருந்த ஹீட் எக்ஸ்சேஞ்சரைக் கழற்றிவிட்டு, ஏராவை (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகுக் கட்டையை) ஒட்டிக் கீல் கூலர் குழாய் போட்டாயிற்று. மண்டபத்திலோ இராமேசுவரத்திலோ வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில், தொழில் பார்ப்பவர் கேட்டால், கீல் கூலர் போடுங்கள் என்றுதான் சொல்வேன்.

கடல் தண்ணீரை இன்ஜின் பிளாக்குக்குள்ளேயே ஓடவிடும் பழைய முறையைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். சூடு 60 டிகிரியைத் தாண்டினாலே உள்ளே உப்பு படியும், துருவும் ஏறும். மற்ற இரண்டிலும் இன்ஜினுக்குள் சுற்றுவது கூலண்ட் என்ற குளிர்விக்கும் திரவம்தான். எக்ஸ்சேஞ்சரில் அதைக் குளிர்விக்கக் கடல் தண்ணீரைப் படகுக்குள் இழுக்கிறோம். கீல் கூலரில் கூலண்டே படகுக்கு அடியில் போய்ச் சூட்டைக் கடலில் விட்டுவிட்டு வருகிறது.

அந்தக் கடல் தண்ணீர் உள்ளே வரும் வழிதான் நம் பக்கத்துத் தொல்லை. வடகடலில் ஆழம் குறைவு. சேற்றுத் தரை, கடல் புல். வாடை அடித்தால் தண்ணீர் கலங்கி, அறுந்த புல் மிதந்து வந்து உறிஞ்சுவாயை அடைக்கும். சில நேரம் சொறி என்கிற ஜெல்லி மீனும் சேர்ந்துகொள்ளும். வெளியே விழும் தண்ணீர் மெலிந்து, சூடும் ஏறினால் கோளாறு கடல் தண்ணீர்ப் பக்கம். உறிஞ்சுவாய், வால்வு, சல்லடை, காற்று இழுக்கும் ஹோஸ், இம்பெல்லர் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். தண்ணீர் நன்றாக விழுந்தும் சூடு ஏறினால் முதலில் கூலண்ட் மட்டம், பெல்ட், தெர்மோஸ்டாட் பக்கம் போங்கள்.

இம்பெல்லர் என்பது கடல் தண்ணீரை இழுக்கும் பம்புக்குள் சுற்றும் ரப்பர் சக்கரம். தண்ணீர் இல்லாமல் சில நிமிடம் சுற்றினாலே இதழ் கிழிந்துவிடும். புதியது மாட்டினால் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. கிழிந்த துண்டுகள் எக்ஸ்சேஞ்சர் வாயில் போய்ச் சிக்கியிருக்கும். அதை எடுக்காமல் போனால் வெறும் ஓட்டத்தில் சூடு சரியாக இருக்கும், வலை இழுக்கும்போது ஏறும். ஒருநாள் விட்டு ஒருநாள் கடலுக்குப் போகிற நமக்கு, நடுக்கடலில் இன்ஜினை நிறுத்தினால் அந்த நாள் பாடே போச்சு. கீல் கூலரில் இந்தப் பம்பும் சல்லடையும் கிடையாது.

அதற்கும் பராமரிப்பு உண்டு. குழாயில் கொட்டலசு (ஒட்டி வளரும் ஓடுள்ள சிற்றுயிர்) பிடித்தால் சூடு இறங்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் படகைக் கரையேற்றும்போது சுரண்டிவிடலாம். ஆனால் குழாய்மேல் பெயிண்ட் அடிக்கக் கூடாது என்று பெயிண்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குழாயின் நீளத்தையும் படகு வேகமாக ஓடும் கணக்கில் போடக் கூடாது. வலை இழுக்கையில் இன்ஜினுக்கு முழுச் சுமை, படகோ மெதுவாக நகரும், குழாயை உரசிப் போகும் தண்ணீரும் குறைவு. அந்த நிலைக்குத்தான் அளவு எடுக்க வேண்டும். புகைக்குழாயில் கடல் தண்ணீர் விடும் படகாக இருந்தால் அதற்கென்று ஒரு பம்பு எப்படியும் தேவைப்படும். அப்போது லாபம் பாதிதான்.

தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில், நான் அதிகம் ஓட்டியதில்லை. அங்கே பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) உரசிக் குழாய் நெளியும் ஆபத்து உண்டு, அதனால் எக்ஸ்சேஞ்சரே மேல் என்பவர்களோடு வாதாட மாட்டேன். உள்ளே ஒழுக்கு எதுவும் இல்லாமல் கூலண்ட் மட்டும் குறைந்துகொண்டே வந்தால் அடிக்குழாயைச் சந்தேகப்படுங்கள். கரையேற்றாமல் அதைச் சரிசெய்வது கஷ்டம்.