எம்ஜிபி ரோட்ஸ்டருக்கு ஸ்டேஃபாஸ்ட் துணிக்கூரை: சிங்கப்பூருக்கு ஏற்றதா?

எம்ஜிபி ரோட்ஸ்டர் என்ற பழைய பிரிட்டிஷ் திறந்த காரை முழுதாகப் பிரித்துத் தன் விருப்பப்படி கட்டுகிறவர்கள் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் பெயிண்டுக்கும் மாதக்கணக்கில் யோசிப்பார்கள். கூரைக்கு வரும்போது பணமும் பொறுமையும் தீர்ந்திருக்கும். கையில் கிடைத்த கறுப்பு வைனில் (பிளாஸ்டிக் பூசிய துணி) கிட்டை, அதாவது தைத்துத் தயாராக வரும் கூரைத் துணியை, வாங்கி மாட்டிவிடுவார்கள். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரில் இது தலைகீழான கணக்கு. ஸ்டேஃபாஸ்ட் துணியில் தைத்த கிட் இங்கே வாங்கத் தகுந்தது. வைனிலைவிடப் பொதுவாக இரண்டு மடங்கு விலை என்றாலும் தகுந்ததுதான். ஆனால் நல்ல கிட்டையும் பொருத்துகிற முறையில் கெடுத்துவிடலாம். அதனால் இந்த மதிப்பீட்டில் பாதிக்கு மேல் பொருத்துவதைப் பற்றியே இருக்கும்.

முதலில் துணி. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள ஹார்ட்ஸ் நிறுவனம் தயாரிப்பது ஸ்டேஃபாஸ்ட். மேலே அக்ரிலிக் நெசவு, நடுவில் ரப்பர், அடியில் பருத்தி கலந்த துணி என்று மூன்று அடுக்கு. அக்ரிலிக் நூலாக இழுக்கப்படுவதற்கு முன்பே அதில் சாயத்தைக் கலந்துவிடுகிறார்கள். மஞ்சள் கிழங்கை எங்கே உடைத்தாலும் மஞ்சளாக இருப்பதுபோல, நூல் உள்ளே வரைக்கும் ஒரே நிறம். மேற்பூச்சாகச் சாயமேற்றிய துணி வெளுக்கும் வேகத்தில் இது வெளுக்காது. தண்ணீரைத் தடுப்பது நடுவிலுள்ள ரப்பர். மேல்துணி ஈரமானாலும் உள்ளே இறங்காது.

வைனிலின் பிரச்சினை வேறு. அதை வளையவைக்கும் மென்மையாக்கி வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். பிறகு கூரை இறுகி, சுருங்கி, மடிப்பு விழும் இடங்களில் வெடிக்கும். முன்விளிம்பு கண்ணாடிச் சட்டத்தை எட்டாமல் நின்றுவிடும். தாழ்ப்பாளைப் போட இரண்டு பேர் வேண்டியிருக்கும். அந்த நிலைக்கு வந்த வைனிலை இழுத்துப் பூட்டினால் தையல் கிழியும்.

டபுள் டக் என்ற பருத்தித் துணியும் விற்கிறார்கள். பார்க்க அழகு, பழைய காலத் தோற்றம் வரும். ஆனால் பருத்தி இந்த ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கும், நனைந்து காய்ந்தால் சுருங்கும். திறந்த வெளியில் நிற்கும் காருக்கு வேண்டாம்.

கூரைக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம். எம்ஜிபிக்குத் தனி அடிச்சட்டம் (சேசிஸ்) கிடையாது; உடற்கூடுதான் அடிச்சட்டம். கூரை இல்லாத காரில் அந்தக் கூட்டை விறைப்பாகப் பிடித்துவைப்பவை கதவுக்குக் கீழே பல தகடுகளை அடுக்கிச் செய்த சில் பெட்டிகள். கூரை ஒழுகினால் தண்ணீர் கம்பளத்துக்கு அடியில் போய்த் தேங்கும். தரைத்தகடும் சில்லும் சேரும் மூலையில், வெளியே தெரியாமல், உள்ளிருந்தே துரு தின்னும். மேலே ஒழுகும் ஒவ்வொரு துளியும் காரின் முதுகெலும்பில்தான் விழுகிறது.

இதே காரணத்தால், சில் வேலை முடியாமல் கூரை வேலையைத் தொடக்கூடாது. காரின் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிக் கதவின் பின்விளிம்பு இடைவெளியைப் பாருங்கள். மேல்பகுதியில் இடைவெளி குறைந்தாலோ கதவைத் திறக்கச் சிரமமாக இருந்தாலோ சில் போய்விட்டது என்று பொருள். அப்படித் தொய்ந்த உடலில் முன்கண்ணாடிக்கும் இருக்கைகளுக்குப் பின்னாலுள்ள உடல்தகடான டெக்குக்கும் உள்ள தூரம் மாறியிருக்கும். அந்த அளவுக்குத் துணியை ஒட்டிவிட்டு, பிறகு சில்லை வெட்டி வெல்டு செய்து நிமிர்த்தினால் புதுக் கூரை பொருந்தாது. வெல்டிங், பெயிண்ட், முன்கண்ணாடி, கதவுக் கண்ணாடிகளின் சீரமைப்பு, அதற்குப் பிறகுதான் கூரை.

ஆர்டர் போடும்போது நடக்கும் தவறுதான் மிகவும் செலவானது. எம்ஜிபி 1962 முதல் 1980 வரை வந்தது. கூரை ஒரே மாதிரி இருந்ததில்லை. தொடக்க ஆண்டுகளில் முழுதாகக் கழற்றி டிக்கியில் வைக்கும் வகையும் உண்டு, மடிக்கும் வகையும் உண்டு. 1971 மாடல் முதல் இத்தாலிய வடிவமைப்பாளர் மிச்செலொட்டி வடிவமைத்த மடிப்புச் சட்டம் வந்தது. மூன்றுக்கும் துணியின் வெட்டு வேறு. இங்கே உள்ள பழைய கார்கள் பல கை மாறியவை. 1967 காரில் பிந்தைய சட்டம் மாட்டியிருக்கலாம். ஆகவே காரின் ஆண்டைச் சொல்லி ஆர்டர் போடாதீர்கள். சட்டத்தை நிமிர்த்திப் படம் எடுத்து அனுப்பி, அந்தச் சட்டத்துக்கான கிட்டைக் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டிக்கு 9 விழுக்காடு பொருள், சேவை வரி உண்டு. திருப்பி அனுப்பும் கப்பல் செலவு உங்கள் தலையில்தான்.

பெட்டி வந்ததும் மூன்று இடங்களைப் பாருங்கள். தையல் இரட்டை வரிசையா, உட்பக்கம் நாடா வைத்து அடைத்திருக்கிறார்களா? பின் ஜன்னலின் பிவிசி தகடு 0.75 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கிறதா, அதன் வழியே பார்த்தால் தூரத்துக் கோடுகள் நெளிகின்றனவா? கடைசியாக, பட்டன்களுக்கு முன்கூட்டியே ஓட்டை போட்டிருக்கிறார்களா? ஓட்டை போடாமல் வருவதே நல்லது. அரை நூற்றாண்டுக்கு முன் கட்டிய உடலில் பட்டன் பூட்டும் குமிழ்கள் இருக்கும் இடம் காருக்குக் கார் மாறும். தொழிற்சாலை அளவில் போட்ட ஓட்டை பத்து மில்லிமீட்டர் தள்ளி நிற்பது சாதாரணம். விலையுயர்ந்த துணியில் ஓட்டை போட்டுவைத்திருக்கும் கிட் எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை.

பொருத்துவதற்கு இரண்டு பேர், முழுதாக ஒரு நாள். பழைய துணியை உரித்ததும் ஹெடர் ரெயிலை, அதாவது முன்கண்ணாடியில் பூட்டும் கூரையின் முன்பக்க இரும்புப் பட்டையை, சுரண்டிப் பாருங்கள். பழைய பசைக்கு அடியில் ஈரம் தங்கி, அந்த இரும்பு பெரும்பாலும் துருப்பிடித்திருக்கும். வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, எபாக்சி பிரைமர் அடித்து முழுதாகக் காயவிடுங்கள். பொத்தல் விழுந்திருந்தால் புது ரெயில் வாங்குவதே வழி. புட்டி வைத்து மூடிய ரெயிலில் ரிவெட் நிற்காது. சட்டத்தின் மூட்டு ரிவெட்டுகள் ஆடினால் இப்போதே மாற்றுங்கள்.

துணியை ஒரு மணி நேரம் வெயிலில் விரித்துப் போட்டால் மடிப்புகள் தாமாக இறங்கும். குளிர்நாட்டுக் கையேடுகள் சொல்லும் ஹீட்டர் வேலை இங்கே தேவையில்லை.

பிறகு வரிசை முக்கியம். பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் போக வேண்டும். துணியின் பின்விளிம்பைப் பிடிக்கும் பழைய பின்கம்பியைப் புதுத் துணிக்கு மாற்றும்போது கம்பியின் நடுவும் துணியின் நடுவும் ஒன்றாக இருக்கட்டும். சட்டத்தை நிமிர்த்தி, ஹெடர் ரெயிலை முன்கண்ணாடியில் பூட்டி, கம்பியை டெக்கின் இரு கொக்கிகளில் மாட்டுங்கள். பின்மூலைகளைக் கையால் இழுத்துச் சுருக்கம் போகும் இடத்தைப் பிடியுங்கள். உடலிலுள்ள குமிழின் தலையில் சுண்ணக்கட்டியைத் தேய்த்துத் துணியை அதன்மேல் அழுத்தினால் ஓட்டையின் இடம் உட்பக்கம் பதியும். அக்ரிலிக்கைக் கத்தியால் கீறக் கூடாது, நூல் பிரியும். சூடேற்றிய ஊசியால் குத்தினால் விளிம்பு உருகி அடைபட்டுவிடும். ஓட்டை சிறியதாகவே இருக்கட்டும். பெரிதாக்கலாம், சிறிதாக்க முடியாது.

இனி முன்விளிம்பு. அவசரப்பட்டவர்கள் எல்லாம் தோற்கும் இடம் இதுதான். ஹெடர் பூட்டியிருக்கும்போதே துணியை முன்னால் இழுத்து, பக்கங்களில் நெளிவு மறையும் புள்ளியில் ரெயிலின் முன்விளிம்பு நெடுக மெல்லிய கோடு போடுங்கள். பூட்டைத் திறந்து ரெயிலைத் தளர்த்திக்கொண்டு, அந்தக் கோடு விளிம்பைத் தாண்டி 5 மில்லிமீட்டர் உள்ளே போகும்படி துணியைச் சுற்றி, பசை இல்லாமல் கிளிப் மட்டும் போட்டு மறுபடி பூட்டுங்கள். ஒரு கையால் தாழ்ப்பாள் விழுந்தால் இழுவிசை சரி. இரு கையும் முழங்காலும் தேவைப்பட்டால் அதிகம். வைனிலாக இருந்தால் சூட்டில் இளகி இடம் கொடுக்கும். ஸ்டேஃபாஸ்ட் அவ்வளவு நீளாது. ஐந்து மில்லிமீட்டர் பிசகுகூடச் சுருக்கமாகவோ விறைப்பாகவோ கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். கிளிப் போட்ட நிலையிலேயே ஓர் இரவு விட்டுவிட்டு, காலையில் மறுபடி பார்த்த பிறகுதான் பசையைத் திறக்க வேண்டும்.

பசையில் மிச்சம் பிடிக்காதீர்கள். வெயிலில் நிற்கும் கறுப்புக் கூரையின் விளிம்பு 60 டிகிரியைத் தாண்டும். செருப்புக் கடைப் பசை அந்தச் சூட்டில் இளகி, துணி மெல்லப் பின்வாங்கும். குஷன் கடைக்காரர்கள் பயன்படுத்தும் உயர்வெப்பக் காண்டாக்ட் பசையை வாங்குங்கள். இரு பக்கமும் மெல்லிதாகப் பூசி, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் நடுவிலிருந்து இரு ஓரத்துக்கும் அழுத்திக்கொண்டு போங்கள். மழை பெய்து ஓய்ந்த நேரத்தில் இந்த வேலை வேண்டாம். கரைப்பான் ஆவியாகும்போது பசையின் மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படியும். ஒட்டியதுபோலவே தெரியும், ஒரு மாதத்தில் உரியும். இங்கே ஒட்டிய கூரைகள் முன்விளிம்பில் கழன்றுவருவதற்கு இது முக்கியமான காரணம். பசை பிடித்த பிறகே ரப்பர் சீலைப் பிடிக்கும் அலுமினியப் பட்டையை ரிவெட் அடிக்க வேண்டும். துளைபோடும்போது விழும் இரும்புத் துகளைக் கடைசித் துகள் வரை எடுத்துவிடுங்கள். வெளிர்நிறத் துணியில் அது துருப் புள்ளியாகப் பூக்கும்.

கஸ்டம் விருப்பங்களுக்கு வருவோம். கூரைத் துணியின் ஓரச் சின்ன ஜன்னல்கள் இல்லாமல் மூடித் தைக்கக் கேட்பவர்கள் உண்டு. கார் நிற்கும்போது கோடு அழகாக இருக்கும். பிஐஇ விரைவுச்சாலையில் தடம் மாறத் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தால் துணிதான் தெரியும். வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஜிப் வைத்த பின் ஜன்னல் மாறாக நல்ல முதலீடு: கூரை போட்டிருக்கும்போதே ஜன்னலை இறக்கினால் உள்ளே தேங்கும் சூடு வெளியேறும். பிளாஸ்டிக் பல் ஜிப்பாக இருக்கட்டும், மேலே மழை மறைக்கும் மடிப்புத் துணியும் இருக்கட்டும். உலோக ஜிப் இங்கே பச்சை பிடித்து இறுகும். நிறத்தில் பிஸ்கட்டும் வெளிர்ச் சாம்பலும் கண்ணுக்கு இனியவை, ஆனால் மழைத்தண்ணீர் காய்ந்த கோடுகளைக் காட்டிக்கொடுக்கும். கருநீலமோ கரும்பச்சையோ இந்த ஊருக்கு எளிது.

எல்லாவற்றையும்விட நான் வலியுறுத்துவது நூல். ஸ்டேஃபாஸ்ட் கிட்டில் முதலில் சாவது பெரும்பாலும் துணியல்ல, தைத்த பாலியெஸ்டர் நூல். புறஊதாக் கதிர் அதைத் தின்றுவிடும். துணி புதிதுபோல் இருக்க, தையல் பிரியும். டெனாரா என்ற பிடிஎஃப்இ (டெஃப்லான் வகை) நூல் வெயிலுக்கு அசையாது. தைத்துத் தருபவரிடம் அதைக் கேட்டு வாங்குங்கள். விலை கூடும், அது நியாயமான விலை.

யாரிடம் கொடுப்பது? சின் மிங், உபி, காக்கி புக்கிட் பக்கங்களில் கார் இருக்கை வேலை நன்றாகச் செய்யும் குஷன் கடைகள் இருக்கின்றன. இருக்கைத் தோல் தைப்பதும் கூரை பொருத்துவதும் ஒரே திறமையல்ல. முன்பு எத்தனை மடிப்புக் கூரை செய்திருக்கிறார்கள், பசை பூசுவதற்கு முன் பொருத்திப் பார்ப்பார்களா, கூரையைப் பொருத்திய பிறகு தண்ணீர்ச் சோதனை செய்து காட்டுவார்களா என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குத் தயங்கினால் வேறு கடை பாருங்கள். உல்லாசப் படகுகளுக்குக் கூரை தைப்பவர்களிடமும் விசாரிக்கலாம். உப்புக்காற்றும் வெயிலும் அவர்களுக்கு அன்றாடம். டெனாரா நூலைப் பற்றி விளக்க வேண்டியிருக்காது.

துணியை அதே வடிவில் மாற்றுவது ஒன்று, உடற்கூட்டையோ முன்கண்ணாடிச் சட்டத்தையோ வெட்டித் தாழ்த்துவது முற்றிலும் வேறு. இரண்டாவதை நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் கேட்காமல் தொடாதீர்கள். செய்த பிறகு கேட்டால் காரைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும்.

தண்ணீர்ச் சோதனைக்கு உயரழுத்தக் குழாய் கூடாது. சாதாரணக் குழாயில் மெல்லிய ஓட்டம், கீழிருந்து தொடங்கி மேலே, ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடம். உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்கார வேண்டும். முன்கண்ணாடியின் இரு மேல்மூலைகளில், ஹெடர் சீலும் கால்கண்ணாடியும் (கதவின் முன்மூலையிலுள்ள சின்ன முக்கோணக் கண்ணாடி) சந்திக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் ஒழுகும். அங்கே சிலிக்கான் பிதுக்குவது தீர்வல்ல. சீலின் நுனி குட்டையாக வெட்டப்பட்டிருக்கும், அல்லது கால்கண்ணாடிச் சட்டம் வெளியே சாய்ந்திருக்கும், அதைச் சரிசெய்யுங்கள்.

பழைய கார்களுக்கான கிளாசிக் திட்டத்தில் பதிந்த 35 வயதைத் தாண்டிய கார் ஆண்டில் குறிப்பிட்ட நாள்கள்தான் சாலைக்கு வரும். மற்ற நாள்களில் பன்மாடிக் கார்ப்பேட்டையின் ஈரக்காற்றில் நிற்கும். கூரையை விரித்த நிலையிலேயே வையுங்கள். மடித்து வைத்தால் பிவிசி ஜன்னலில் நிரந்தர வரி விழும். நனைந்ததை மடிப்பது அதைவிட மோசம்: அடித்துணியிலுள்ள பருத்தியில் சில நாளில் பூஞ்சை வந்துவிடும். மூச்சுவிடாத பிளாஸ்டிக் உறையால் காரை மூடாதீர்கள். கழுவ மென்மையான சோப்பு, மென்மையான தூரிகை, நிறையத் தண்ணீர் போதும். ஜன்னலுக்கு அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானைப் பயன்படுத்தினால் பிவிசி மங்கும். மேலே விழும் மழைத்துளி உருண்டு ஓடாமல் துணியில் பரவத் தொடங்கினால், துணிக்கான நீர்விலக்கியை நன்கு உலர்ந்த கூரையில் தெளிக்கும் நேரம் வந்துவிட்டது.

பொருத்தி மீந்த விளிம்புத் துணியை எறியாமல் எடுத்துவையுங்கள். பின்னால் ஒரு கிழிசலுக்கு ஒட்டுப்போட நேர்ந்தால், அதே பெயரில் வாங்கும் புதுத் துணியின் நிறம் உங்கள் கூரையோடு ஒத்துப்போகாது.