குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்களுக்குக் குழு கவுன்சலிங்கா, தனி கவுன்சலிங்கா?

போன மாதம் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், ஒரு வளைகாப்பு. வளையல் போடப் பெண்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கச்சிக்குக் கல்யாணமாகி ஆறு வருடம். அவள் முறை வந்தபோது, கூப்பிட்டுக்கொண்டிருந்த பெரியம்மா ஒரு கணம் தயங்கி, அவளைத் தாண்டி அடுத்தவளைக் கூப்பிட்டார். யாரும் எதுவும் சொல்லவில்லை. கையில் எடுத்து வைத்திருந்த இரண்டு கண்ணாடி வளையல்களையும் அவள் மெதுவாகத் தட்டிலேயே திரும்ப வைத்தாள். வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் கேட்டாள்: “அக்கா, நீங்க ஈப்போவுக்குப் போனீங்களே, அந்த மாதிரி கூட்டமா உட்கார்ந்து பேசுறது நல்லதா, இல்ல தனியா ஒருத்தர்கிட்ட பேசுறது நல்லதா?”

வழியில் அவளுக்குப் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். மலேசியாவில் ஈப்போவுக்குப் பக்கத்தில் இருக்கும் சுங்கை சிப்புட்டில் ஒன்பது வருடம் இதே நிலையில் வாழ்ந்தவள் நான். தனியாகவும் போயிருக்கிறேன், குழுவிலும் இருந்திருக்கிறேன், வாட்ஸ்அப் குழுக்களைப் படித்துக்கொண்டு ராத்திரி இரண்டு மணிவரை விழித்தும் கிடந்திருக்கிறேன்.

ஒரு வருடம் முயன்றும் கரு தங்கவில்லை என்றால் அதைக் குழந்தையின்மை என்று உலகச் சுகாதார நிறுவனம் வகைப்படுத்துகிறது. ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது இதைச் சந்திக்கிறார் என்று 2023இல் அது சொன்னது. அப்படியானால் எங்கள் ஊரிலும் எத்தனையோ பேர் இருக்க வேண்டும். ஆனால் ஒருத்தியையும் எனக்குத் தெரியாது. தோட்டத்து லயங்களை விட்டுத் தாமானுக்கு வந்துவிட்டோம், ஆனால் ஒரு வீட்டுச் சேதி நாலு வீட்டுக்குப் போகும் வழக்கம் கூடவே வந்துவிட்டது. சந்தையிலும் கோயிலிலும் “விசேஷம் ஏதும் உண்டா?” என்று கேட்பார்கள். உரிமை எடுத்துக்கொண்டவர்கள் “ஒரு புழு பூச்சிகூட இல்லையா?” என்பார்கள். அதனால் எல்லோரும் வாயை மூடிக்கொள்கிறோம்.

முதலில் தனி கவுன்சலிங். இதன் பெரிய பலம் ரகசியம். கதவைச் சாத்தினால் உள்ளே இரண்டு பேர்தான். கணவனைப் பற்றி, மாமியாரைப் பற்றி, கட்டில் பற்றி, எதை வேண்டுமானாலும் சொல்லலாம். அரசாங்க கிளினிக்கில் பதிவுக்கு 1 வெள்ளி (ரிங்கிட்), அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரி நிபுணருக்கு அனுப்பினாலும் செலவு கொஞ்சம்தான். தனியாரிடம் ஒரு மணி நேரத்துக்கு 150 வெள்ளி என்றார்கள் எனக்கு. குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளியாக இருக்கும் இடத்தில் அதை மாதம் இரண்டு முறை கொடுக்க எத்தனை வீட்டால் முடியும்? யாரிடம் போனாலும் அவர் பதிவு பெற்ற கவுன்சலர்தானா என்று கேளுங்கள். 1998ஆம் ஆண்டின் கவுன்சலர் சட்டப்படி பதிவும் தொழில் அனுமதியும் கட்டாயம். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

எனக்குத் தனி கவுன்சலிங்கில் இடித்தது மொழி. நான் போன இடத்தில் கவுன்சலர் அன்பானவர், மலாயில் பேசினார். என் மலாய் ஒன்றும் மோசமில்லை. கருக்குழாய், ஹார்மோன், ஊசி எல்லாவற்றையும் சொன்னேன். “மலடி” என்று ஒரு கல்யாண வீட்டில் என் காதுபடச் சொன்னதைத்தான் சொல்ல முடியவில்லை. ‘மண்டூல்’ என்று அகராதிச் சொல்லைப் போட்டேன். அவர் தலையாட்டினார். அந்தச் சொல் எங்கே குத்தும் என்பது அவருக்குப் போய்ச் சேரவில்லை, அது அவர் குற்றமும் இல்லை.

அப்புறம்தான் குழு. ஈப்போவில் ஒரு கடைவீட்டு மாடி, ஞாயிற்றுக்கிழமை, இரண்டு மணி நேரம், பத்து வாரம். எட்டுப் பெண்கள், தமிழ் பேசும் ஒரு கவுன்சலர். நடுவில் புதிதாக யாரையும் சேர்க்கவில்லை. இதை முக்கியமாகச் சொல்கிறேன், ஏனென்றால் வாரா வாரம் முகம் மாறும் குழுவில் யாரும் மனம் திறக்க மாட்டார்கள். முதல் நாளே இரண்டு விதி போட்டார்கள். உள்ளே பேசியது வெளியே போகக்கூடாது. வெளியே எங்காவது பார்த்துக்கொண்டால், எதிரே இருப்பவள் சிரித்தால் ஒழியப் பேச்சுக் கொடுக்கக்கூடாது. கூட இருக்கும் மாமியார் “யார் இது, எப்படித் தெரியும்?” என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? அதற்காக அந்த இரண்டாவது விதி.

மூன்றாவது வாரம் ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை கொடுத்து, அதிகம் காயப்படுத்திய ஒரு வாக்கியத்தை எழுதச் சொன்னார். கவிழ்த்துப் போட்டுக் கலக்கி, கைக்கு வந்ததை எடுத்துப் படிக்க வேண்டும். எனக்கு வந்த அட்டையில் “உன் வயசுல எனக்கு மூணு பிள்ளை” என்று இருந்தது. என் அட்டையே எனக்கு வந்துவிட்டது என்று திருப்பிக் கொடுக்கப் போனேன். அப்புறம்தான் பார்த்தேன், அது என் கையெழுத்து இல்லை. தனி கவுன்சலிங்கில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாலும் இது கிடைக்காது. குழு சிகிச்சை ஏன் வேலை செய்கிறது என்று ஆராய்ந்த இர்வின் யாலோம் 11 காரணங்களைச் சொல்கிறார். ‘எனக்கு மட்டும் இல்லை’ என்று தெரிந்துகொள்வது அவற்றில் ஒன்று. எனக்கு அந்த ஒன்றே போதுமாக இருந்தது.

வெறுமே அழுதுவிட்டு வந்தோம் என்று நினைக்க வேண்டாம். மூச்சுப் பயிற்சி, உடம்பைப் பகுதி பகுதியாக இறுக்கித் தளர்த்தும் பயிற்சி, ‘என்னால்தான் எல்லாம்’ என்று வரும் எண்ணத்தை எழுதி வைத்து அது சரிதானா என்று பார்ப்பது, இதெல்லாம் வாரா வாரம் நடந்தது. காரணம் ஏறக்குறைய பாதித் தம்பதிகளிடம் ஆண் பக்கத்திலும் இருக்கிறது என்று அங்கேதான் பலர் முதன்முதலாகக் கேட்டார்கள். ஒருத்தி பெரியம்மாவாக நடிக்க, மற்றவள் பதில் சொல்லிப் பழகுவாள். “நல்ல சேதி வந்தா நானே முதல்ல உங்களுக்குச் சொல்றேன் பெரியம்மா” என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவது. கேட்கச் சுலபம். எனக்கு நாலு முறை நாக்குக் குழறியது.

குழுவின் கடினமான இடம் ஏழாவது வாரம் வந்தது. எங்களில் ஒருத்திக்கு நாள் தள்ளியிருந்தது. அவள் முன்கூட்டியே கவுன்சலரிடம் சொல்லி, அவர் எங்களிடம் சொல்லி, கேட்க விருப்பமில்லாதவர்கள் வெளியே இருக்கலாம் என்றார். நான் எழுந்து போய் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். அவள் மேல் கோபம் இல்லை, ஆனாலும் அழுகை நிற்கவில்லை. திரும்பி வந்தபோது அவள் ஒன்றும் பேசாமல் தன் தண்ணீர் போத்தலை என் பக்கம் நகர்த்தினாள். சேரும் முன்பே “யாராவது கர்ப்பமானால் என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். அதற்குப் பதில் இல்லாத குழுவில் சேராதீர்கள்.

குழுவில் சேர்ந்தால் பிள்ளை பிறக்குமா என்றும் கேட்பார்கள். அமெரிக்காவில் ஆலிஸ் டோமர் குழுவினர் 2000இல் வெளியிட்ட ஆய்வில், குழுக்களில் இருந்த பெண்களில் பாதிக்கு மேல் ஒரு வருடத்தில் கருவுற்றார்கள், குழுவில் இல்லாதவர்களில் 20 சதவீதம்தான். ஆனால் ஒப்பீட்டுக்கு வைத்திருந்த பெண்களில் நிறையப் பேர் நடுவில் விலகிவிட்டார்கள், அதனால் அதை அப்படியே நம்ப முடியாது. 2011இல் 14 ஆய்வுகளை, 3,583 பெண்களை, சேர்த்துப் பார்த்தபோது சிகிச்சைக்கு முன்னிருந்த மனக்கவலைக்கும் சிகிச்சை பலிப்பதற்கும் தொடர்பு தெரியவில்லை. “டென்ஷன் ஆகாதே, தானா நிக்கும்” என்று சொல்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். கவலைப்பட்டதால் நீங்கள் எதையும் கெடுத்துவிடவில்லை. அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி குழுவுக்குப் போகாதீர்கள். காத்திருக்கும் நாட்களைத் தாங்கத்தான் குழு.

வாட்ஸ்அப் குழு இலவசம், பஸ் ஏற வேண்டாம். ஆனால் காலையில் ஒருத்தி ஸ்கேன் படம் போடுவாள், மதியம் இன்னொருத்தி நாட்டு மருந்து விற்பாள். நான் வெளியே வந்துவிட்டேன். ராத்திரி தாங்க முடியாமல் போனால், மனம் உடைந்தவர்கள் கூப்பிட்டுப் பேசும் பிஃப்ரெண்டர்ஸ் தொலைபேசிச் சேவை (03-7627 2929) அதைவிட மேல். எந்த நேரமும் எடுப்பார்கள். கோயிலும் வேண்டுதலும் இந்த ஒப்பீட்டில் வராது. தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்துக்கொண்டேதான் நானும் ஈப்போவுக்குப் போனேன்.

எங்கள் மாதிரி ஊர்க்காரிக்கு என் சிபாரிசு குழுதான், ஆனால் சொந்த ஊரில் வேண்டாம். அரை மணி, முக்கால் மணி தள்ளி, முகம் தெரியாத இடத்தில், தமிழில். சமீபத்தில் கரு கலைந்தவர்கள், வீட்டில் அடி வாங்குபவர்கள், உயிரோடு இருந்து என்ன என்று நினைப்பவர்கள் முதலில் தனியாகத்தான் போக வேண்டும். அந்தக் காயத்தோடு எட்டுப் பேர் நடுவில் உட்கார முடியாது.

அந்தத் தங்கச்சியிடமும் குழுவைத்தான் சொல்ல நினைத்தேன். வீட்டு வாசலுக்கு வந்ததும், இரண்டு மாதத்துக்கு முன் கலைந்துபோனதைச் சொன்னாள். கணவனைத் தவிர யாருக்கும் தெரியாதாம். அதனால் வியாழக்கிழமை அவளோடு அரசாங்க கிளினிக்குக்குப் போனேன். மனநிலை பற்றிய படிவம் கொடுத்தார்கள், 21 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை. பத்தாவது கேள்வி, எதிர்பார்க்க ஒன்றுமே இல்லை என்று தோன்றியதா என்பது. அவள் பேனா அங்கே நின்றது.

“அக்கா, இதுல உண்மையைத்தான் போடணுமா?”

“ஆமாம்மா.”

மூன்றை வட்டமிட்டாள்.