ஐம்பதுக்கு மேல் மாண்டரின்: சொல் அட்டையா, கேட்டல் பயிற்சியா?

ஐம்பது வயதுக்குப் பிறகு மாண்டரின் சீனம் கற்க முனைவோருக்கு இரண்டு வழிகள் பரிந்துரைக்கப்படுகின்றன. நினைவில் நின்ற சொல்லை நீண்ட இடைவெளிவிட்டும் மறந்ததைக் குறுகிய இடைவெளியிலும் மறுபடி காட்டும் ஆங்கி போன்ற செயலியில் சொல் அட்டைகளை நாள்தோறும் புரட்டுவது ஒன்று. தரம் பிரித்த எளிய கதைகளையும் உரையாடல்களையும் திரும்பத் திரும்பக் கேட்பது மற்றொன்று. சிங்கப்பூரில் இருந்துகொண்டு இரண்டையும் முயன்று பார்த்த நான், இப்போது கேட்டலையே முதன்மையாக வைத்திருக்கிறேன்.

தொடக்கத்தில் அட்டைக்கு ஈடில்லை. சீன மொழித் திறனைச் சோதிக்கும் எச்எஸ்கே தேர்வுக்கு 2010-இல் வந்த பாடத்திட்டத்தின்படி இரண்டாம் நிலைக்கு 300 சொற்களும், நான்காம் நிலைக்கு 1,200 சொற்களும் போதும். அந்த முதல் 300 சொற்களை அட்டையால் மனத்தில் ஏற்றாமல் கதை கேட்க உட்கார்ந்தால், கதை வெறும் இரைச்சலாகவே இருக்கும்.

ஆனால் அட்டைகளை ஏற்றுவதைக் காட்டிலும் பராமரிப்பதுதான் பெரும்பாடு. ஆங்கி தன் இயல்பான அமைப்பில் நாளொன்றுக்கு 20 புதிய அட்டைகளையும் 200 மீள்பார்வைகளையும் அனுமதிக்கிறது. புதியவை சேரச் சேர மீள்பார்வையும் பெருகிக்கொண்டே போகும். நம் வயதில் காய்ச்சல், உறவினர் வீட்டுத் திருமணம், பேரப்பிள்ளைகளின் பள்ளி விடுமுறை என்று ஏதாவது ஒன்று வந்து ஒரு வாரத்தை விழுங்கிவிடும். திரும்பி வந்து செயலியைத் திறந்தால் நிலுவை நூற்றுக்கணக்கில் நிற்கும். அவற்றுள் மறந்துபோனவை மறுபடி குறுகிய இடைவெளிக்கு இறங்கி, அடுத்த நாள் சுமையையும் கூட்டும். புதிய அட்டைகளை ஐந்தாகக் குறைக்கலாம்தான். அப்படிச் செய்தால் ஒரு நாளும் தவறாவிட்டாலும் 1,200 சொற்களுக்கு 240 நாள் ஆகும். கேட்டலில் இத்தகைய நிலுவை சேர்வதில்லை. ஒரு வாரம் விட்டுப்போனால் முன்பு கேட்ட எளிய கதை ஒன்றுக்குத் திரும்பினால் போதும். அன்றாடச் சொற்கள் எந்தக் கதையிலும் தாமாகவே வந்து நிற்கும். அரிய சொற்கள் அவ்வாறு வருவதில்லை என்பது இதன் குறை.

காதைப் பொறுத்தவரை, தமிழருக்குத் தனியாக ஒரு சிக்கல் உண்டு. வயிற்றுக்கும் முயலுக்கும் உரிய மாண்டரின் சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் 'தூட்ஸ்' என்றே வரும், தொனியும் (சொல்லின் பொருளை வேறுபடுத்தும் குரலின் ஏற்ற இறக்கம்) ஒன்றே. முயலில் மட்டும் 'த' ஒலியோடு மூச்சுக்காற்று பீறிடும். வயதானால் பொதுவாக உயர் அதிர்வெண் ஒலிகளே முதலில் மங்கும் என்பதால், குரலின் தாழ்ந்த அதிர்வெண்ணில் அமையும் தொனிகள் பெரும்பாலும் தப்பிக்கின்றன. ஸகர, ஷகர வேறுபாடுதான் அடிபடுகிறது. போதாக்குறைக்கு, இங்குள்ள காப்பிக்கடைகளில் பலரது பேச்சில் ஷகரம் ஸகரமாகத் தேய்ந்துவிடுகிறது. நான்குக்கு உரிய சொல் ஸகரத்திலும் பத்துக்கு உரியது ஷகரத்திலும் தொடங்குவதால், கடைக்காரர் சொன்ன விலை நான்கு வெள்ளியா (சிங்கப்பூர் டாலர்) பத்து வெள்ளியா என்பதைத் தொனி இறங்குகிறதா ஏறுகிறதா என்று கேட்டே பிரித்தறிய வேண்டும். பெரும்பாலான அட்டைகளில் பதிந்திருக்கும் ஒரே ஒரு தெளிவான குரல் இதற்குக் காதைப் பழக்குவதில்லை. 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், பலரது குரல்களைக் கேட்டுப் பயின்ற அமெரிக்கர்கள் மாண்டரின் தொனிகளை முன்னிலும் நன்றாகப் பிரித்தறிந்தார்கள். அந்தத் தேர்ச்சி ஆறு மாதம் கழித்தும் நிலைத்திருந்தது.

எழுத்துகளைக் கையால் எழுதிப் பழகுவதில் நான் இறங்கவில்லை. நான்காம் நிலைக்கு மேல் என் அனுபவமும் குறைவு. ஆகவே தேர்வு எழுதும் எண்ணமுள்ளவர்கள் அட்டைக்கு நான் தருவதைவிடக் கூடுதல் இடம் தருவதே பொருந்தும். நான் அட்டைகளை முற்றிலும் கைவிட்டுவிடவுமில்லை. கேட்ட கதையில் காதுக்கு நழுவிய வாக்கியத்தை அதன் ஒலித்துண்டோடு வெட்டி அட்டையாக்கிக்கொள்கிறேன். முன்பக்கத்தில் ஒலி மட்டும் இருக்கும், எழுத்தும் பொருளும் பின்பக்கத்தில்தான்.