உலகச் சாப்பாட்டைத் தேடி: உணவங்காடியா, வழிகாட்டி உலாவா, பெனின்சுலா பிளாசாவா?

சிங்கப்பூருக்கு வரும் சொந்தக்காரர்களுக்குப் பல நாட்டுச் சாப்பாட்டையும் அந்த மக்கள் இங்கே வாழும் விதத்தையும் ஒரே நாளில் காட்ட வேண்டும் என்றால் எங்கே கூட்டிப் போவது? சென்னையிலிருந்து சித்தப்பாவும் சித்தியும் வந்தபோது இந்த முடிவை நான் எடுக்க வேண்டியிருந்தது. உணவங்காடி (ஹாக்கர் சென்டர்), காசு கட்டிப் போகும் வழிகாட்டி உலா, வெளிநாட்டு மக்கள் கூடும் பழைய கடைத்தொகுதி என மூன்றையும் யோசித்தேன். எடுத்தது மூன்றாவதை. இனி யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

உணவங்காடியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. விலை குறைவு, எல்லா வட்டாரத்திலும் உண்டு, 2020-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. சைனாடவுன் காம்ப்ளெக்ஸில் மட்டும் 200-க்கும் மேல் கடைகள். புதிதாக வருபவர்கள் ஒரு வேளையாவது அங்கே சாப்பிடாமல் ஊர் திரும்பக் கூடாது. ஆனால் அங்கே கிடைப்பது பெரும்பாலும் இந்த ஊரின் சொந்தச் சாப்பாடு, பல தலைமுறையாக இங்கேயே இருக்கும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் சமைப்பது. அரசு உணவங்காடியில் கடை எடுக்கக் குடியுரிமையோ நிரந்தரவாசமோ இருக்க வேண்டும் என்பது விதி. சமீப காலத்தில் வேலைக்கு வந்த சமூகங்களின் சாப்பாடு அங்கே அவ்வளவாகக் கண்ணில் படாததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

வழிகாட்டி உலாவுக்கு ஆளுக்கு நூறு வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் ஆவது சாதாரணம். காத்தோங்கில் சீன-மலாய்க் கலப்பு மரபுள்ள பெரனக்கான் மக்களின் வீடுகள், கம்போங் கிளாமின் பழைய கதை இதையெல்லாம் விவரம் தெரிந்த ஒருவர் சொல்லிக் கேட்பது நன்றாகவே இருக்கும், இங்கே யாரையும் தெரியாதவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் கடைக்கு இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு அடுத்த இடத்துக்கு நடக்க வேண்டும், பிடித்த கடையில் உட்கார முடியாது. அலுவலகத்தில் ஏற்பாடு செய்த உலாவில் போனதோடு சரி, எனவே இதில் என் பேச்சைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, பெனின்சுலா பிளாசா. சிட்டி ஹால் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம், செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்கு எதிர்ப்பக்கம். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணப் பழைய கட்டடம். உள்ளே மியன்மார் மக்களின் கடைகள்: லுங்கி, முகத்தில் பூசும் தனக்கா, தேயிலைப் பொட்டலம், ஊருக்குப் பணம் அனுப்பும் கடை, நடுநடுவே சாப்பாட்டுக் கடை. ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவின் தேக்காவில் நம் ஊர்ப் பையன்கள் கூடி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கூட்டத்தின் மனநிலை சட்டென்று பிடிபடும். வாரத்துக்கு ஒரு நாள் விடுப்பு, அந்த ஒரு நாளில் தன் மொழி, தன் ஆட்கள், தன் ஊர்ச் சோறு.

எனக்கு எல்லாவற்றையும் முடிவு செய்தது ஒரே விஷயம்தான்: அங்கே யாருக்காகச் சமைக்கிறார்கள் என்பது. சுற்றுலாப் பயணிக்காகச் சமைக்கும்போது புளிப்பைக் குறைப்பார்கள், மீன் வாடையை மட்டுப்படுத்துவார்கள், காரத்தைக் கேட்டுப் போடுவார்கள். இங்கே சாப்பிட வருபவர்களில் பெரும்பாலானவர்கள் அதை அம்மா கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். ருசி மாறினால் அடுத்த வாரம் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். அதனால் அரிசி நூடுல்ஸில் மீன் குழம்பு ஊற்றித் தரும் மொஹிங்காவில் அந்தக் குழம்பு மீனாகவே மணக்கிறது. புளிக்க வைத்த தேயிலையோடு வறுத்த பருப்பு, எள், பூண்டு, தக்காளி எல்லாம் பிசைந்து தரும் லபெட் தோக் முதல் வாயில் கசக்கிறது, நாலாவது வாயில் விடமுடியவில்லை. இதே அளவுகோலை எந்த நாட்டுச் சாப்பாட்டுக்கும் வைத்துப் பார்க்கலாம்: கடைக்குள் எட்டிப் பாருங்கள், அந்த நாட்டு ஆட்களே குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்களா? அப்படியென்றால் தைரியமாக உள்ளே போங்கள்.

சித்தப்பா சென்னை பர்மா பஜார் பக்கத்து வண்டிக்கடைகளில் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் சாப்பிட்டு வளர்ந்தவர். மொஹிங்காவில் வாழைத்தண்டைப் பார்த்ததுமே, “டேய், இது நம்ம அத்தோ கடை சூப்புல வர்றதுதானேடா” என்றார். 1962-ல் நே வின் ஆட்சியைப் பிடித்த பிறகு கடையும் வியாபாரமும் அரசுடைமையாகி, லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை (இன்றைய மியன்மார்) விட்டு வெளியேறினார்கள். அப்படிச் சென்னைக்குத் திரும்பிய தமிழர்கள் கையோடு கொண்டுவந்த சாப்பாடுதான் அத்தோ. அதன் தாய்வீட்டுச் சமையலைச் சிங்கப்பூரில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்பதே எங்களுக்குப் பெரிய விஷயமாக இருந்தது, சித்தப்பா அன்று அரை மணி நேரம் பர்மா அகதிகளைப் பற்றியே பேசினார்.

மற்ற இடங்களும் உண்டு. ஆர்ச்சர்ட் ரோட்டில் லக்கி பிளாசா பிலிப்பீன்ஸ் மக்களுக்கு, பாய லேபார் பக்கம் சிட்டி பிளாசா இந்தோனேசியப் பணிப்பெண்களுக்கு. லக்கி பிளாசாவில் அடோபோவும் புளிப்பான சினிகாங்கும் சாப்பிட்டிருக்கிறேன், பிடித்தது, ஆனால் கடைக்குக் கடை வித்தியாசம் சொல்லும் அளவுக்குப் பழக்கமில்லை. தாய்லாந்து மக்களுக்கு கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் இருந்தது. 1973-ல் கட்டிய அந்தக் கட்டடம், உரிமையாளர்கள் சேர்ந்து மொத்தமாக விற்கும் கூட்டு விற்பனையில் போய், 2023-ல் கடைகளெல்லாம் காலி செய்ய வேண்டியதாயிற்று. கட்டடத்தைப் பாதுகாப்புப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள், ஆனால் அங்கே கூடிய கூட்டத்தை எந்தப் பட்டியலில் வைப்பது? பழைய கடைத்தொகுதிகளுக்கு அடுத்த வருடம் போகலாம் என்று தள்ளிப்போடாதீர்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

குறை இல்லாமல் இல்லை. ஞாயிறு மதியம் உட்கார இடம் கிடைப்பது கஷ்டம், சில கடைகளில் ஆங்கிலம் குறைவு, படத்தைக் காட்டித்தான் கேட்க வேண்டும். மாட்டிறைச்சி வேண்டாம், ஹலால் வேண்டும் என்பவர்கள் உட்காரும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

சைவக்காரர்களுக்கு உண்மையிலேயே சிரமம், சித்தி சைவம் என்பதால் எனக்குத் தெரியும். வெறும் காய்கறியாகத் தெரியும் தோக்கில்கூட (பிசைந்து தரும் சாலட்) மீன் சாறோ காய்ந்த இறால் பொடியோ இருக்கும். ஷான் டோஃபு கேளுங்கள். அது சோயா இல்லை, நம்ம கடலை மாவைக் காய்ச்சி உறைய வைத்தது. மீன் சாறும் இறாலும் இல்லாமல் பிசையச் சொல்லி, கூடவே பால் டீ ஒன்று வாங்கிக்கொண்டால் சாயங்காலம் வரை தாங்கும்.