ஃபர்னஸில் லிமிட் சுவிட்ச் கோளாறு: பல குளிர்காலங்கள் ஓட்டிய அனுபவம்

கனடாவின் ஸ்கார்பரோவில் எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் இருப்பது 96 சதவீதத் திறன் கொண்ட கேஸ் ஃபர்னஸ், அதாவது கேஸை எரித்து வீட்டைச் சூடாக்கும் இயந்திரம். வாங்கியதிலிருந்து பல குளிர்காலம் ஓடிவிட்டது. மைனஸ் 20 செல்சியஸ் போகும் இரவிலும் வீடு சூடாகவே இருக்கும், சத்தமும் குறைவு. மேல்மாடி அறை கொஞ்சம் குளிரும். அது டக்ட் (சூடான காற்றைக் கொண்டுபோகும் குழாய்) போட்டவர் வேலை, இயந்திரத்தைக் குறை சொல்ல முடியாது.

தொல்லை கொடுத்தது ஒன்றே ஒன்றுதான், லிமிட் சுவிட்ச். எரியும் கேஸின் சூட்டைக் காற்றுக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் பக்கத்தில் காசு அளவில் இருக்கும் சின்ன வெப்ப உணரி அது. குறிப்பிட்ட சூட்டைத் தாண்டினால் உள்ளே இருக்கும் உலோகத் தகடு வளைந்து இணைப்பைத் துண்டிக்கும், உடனே கேஸ் நின்றுவிடும். ஆறியதும் தானாகவே சேர்ந்துகொள்ளும்.

அறிகுறியைக் கவனித்தாலே பாதி விஷயம் புரியும். பர்னர் பற்றிய சில வினாடிகளில் அணைந்தால் பெரும்பாலும் தீ எரிகிறதா என்று பார்க்கும் ஃப்ளேம் சென்சரில் அழுக்கு. சில நிமிடம் நன்றாக எரிந்து, பிறகு அணைந்து, ப்ளோயர் (காற்றைத் தள்ளும் விசிறி) மட்டும் ஓடி, அறைக்குக் காற்று வரும் வென்ட்டில் குளிர்ந்த காற்று வந்தால் லிமிட் சுவிட்ச். எங்களுக்கு இரண்டாவது வகை. கன்ட்ரோல் போர்டில் சிமிட்டும் சிவப்பு விளக்கும் அதையே சொன்னது. சிமிட்டல்களுக்கான அட்டவணை கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும். கதவைக் கழற்றினால் மின்சாரம் நின்றுவிடும் என்பதால், முதலில் கதவில் இருக்கும் சின்னக் கண்ணாடி வழியாக எண்ணிக்கொள்வது நல்லது.

ஆனால் இந்தச் சிமிட்டல் கோட் (கோளாறுக் குறியீடு) வந்தாலே லிமிட் சுவிட்ச் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. உண்மையிலேயே உள்ளே சூடு ஏறியிருந்தால் அது தன் வேலையைத்தான் செய்கிறது. ஒரு வருடம் இதே கோட் வந்தபோது காரணம் ஃபில்டர். ஒரு அங்குலத் தடிமனில் மெர்வ் 13 ஃபில்டர் (மெர்வ் எண் கூடினால் இன்னும் நுண்ணிய தூசியைப் பிடிக்கும்) தூசியை நன்றாகப் பிடிக்கும்தான், ஆனால் சீக்கிரமே அடைத்துக் காற்றை மறிக்கும். மெர்வ் 8 போட்டதும் சரியாகிவிட்டது. வென்ட்களை மூடி வைப்பதும் அப்படித்தான். பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் சூடு தாங்கவில்லை என்று எல்லாவற்றையும் அடைத்துவிடுவார்கள், ஃபர்னஸ் மூச்சுத் திணறும்.

போன குளிர்காலத்தில் கோட் மறுபடி வந்தது. இந்த முறை ஃபில்டர் புதியது, வென்ட்களும் திறந்தே இருந்தன. வந்து பார்த்த ஒரு கம்பெனிக்காரர் மீட்டரையே வெளியில் எடுக்காமல் போர்டை மாற்றவேண்டும் என்றார். பல நூறு டாலர் கணக்கு. சரி, முதலில் அளந்து பார்ப்போம் என்று சமையலறைத் தெர்மோமீட்டரை டக்ட்டில் செருகினேன். உள்ளே போகும் காற்று 68 ஃபாரன்ஹீட், வெளியே வருவது 118, அதாவது 50 டிகிரி ஏற்றம். ஃபர்னஸின் பெயர்ப் பலகையில் அனுமதித்திருப்பது 30 முதல் 60 வரை. சூடு அளவுக்குள் இருக்கும்போதே சுவிட்ச் துண்டிக்கிறது என்றால் சந்தேகம் அதன் மேல்தான் போகும்.

மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்ச் நன்றாக ஆறியபின், இரண்டு ஒயரையும் கழற்றி மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்தேன். நல்ல சுவிட்ச் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டவேண்டும். இது லேசாகத் தட்டினால் பூஜ்யம், விட்டால் சில நூறு ஓம்ஸ் என்று தாவியது. அடிக்கடி சூட்டில் திறந்து மூடிய சுவிட்ச் நாளடைவில் இப்படித் தளர்ந்துபோவது உண்டு. ஃபில்டர் அடைத்திருந்த காலமும் அதன் ஆயுளைக் குறைத்திருக்கலாம்.

எங்கள் ஒன்டாரியோ மாகாணத்தில் கேஸ் ஃபர்னஸைப் பழுது பார்க்க டி.எஸ்.எஸ்.ஏ. என்ற பாதுகாப்பு அமைப்பின் சான்றிதழ் உள்ளவர் வேண்டும். மீட்டர் எண்களைக் காட்டியதும் இரண்டாவதாக வந்தவர் விவாதமே செய்யவில்லை, சுவிட்சை மட்டும் மாற்றினார். சில பத்து டாலர் பொருள். அதன் முகத்தில் எல்160 என்று இருந்தால் 160 ஃபாரன்ஹீட்டில் திறக்கும் என்று பொருள். அதே அளவுதான் போடவேண்டும். அவசரத்துக்கு இரண்டு ஒயரையும் ஒன்றாக முறுக்கி ஓட்டலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், ஹீட் எக்ஸ்சேஞ்சர் வெடிப்பு விட்டால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வரும்.

மாற்றிய பிறகு அந்தக் கோட் வரவில்லை. இதே ஃபர்னஸை மறுபடி வாங்குவேனா என்றால், வாங்குவேன். சிமிட்டலை நாம் எண்ணவேண்டிய விளக்குக்குப் பதிலாகக் கோளாறுக் குறியீட்டை எண்ணாகக் காட்டும் போர்டு உள்ள மாடல் கிடைத்தால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கவும் தயார்.