பாலிமர் கரைசலும் மார்ஷ் கோனும்: ஆறு வருட அனுபவம்

பைலிங் வேலையில் (அஸ்திவாரத் தூணுக்குக் குழி தோண்டுவது) குழியின் ஓரம் சரியாமல் இருக்க நிரப்பும் கரைசலுக்கு, பென்டோனைட் களிமண்ணை விட்டுப் பாலிமர் தூளுக்கு மாறி ஆறு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து கரைசலைச் சோதிக்க நான் நம்பியிருப்பது மார்ஷ் கோனையும், ஆறு வேகங்களில் சுழன்று கெட்டித்தன்மையை அளக்கும் விஸ்கோமீட்டரையும்தான்.

மார்ஷ் கோன் ஓர் எளிமையான புனல். 1500 மி.லி. ஊற்றி, 946 மி.லி. இறங்க எத்தனை நொடி என்று பார்க்க வேண்டும். நல்ல தண்ணீருக்கு 26 நொடி. தினமும் காலையில் முதலில் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். கூடுதலாக வந்தால் பெரும்பாலும் குழாயில் காய்ந்த பாலிமர் ஒட்டியிருக்கும். ஒருமுறை பகல் ஷிஃப்ட்டுக்கும் இரவு ஷிஃப்ட்டுக்கும் கணக்கு இடித்துக்கொண்டே இருந்தது. விசாரித்தால், இரவில் ஒரு லிட்டர் வரை பிடித்திருக்கிறார்கள். அந்த அளவுக்குத் தண்ணீரே 28 நொடி எடுக்கும்.

ஆனால் இந்தக் கோனை மட்டும் நம்பி ஓர் இரவு நன்றாக ஏமாந்தேன். பலமுறை சுற்றிவந்த பழைய கரைசல், மாலையில் புதுசு போலவே 48 நொடி காட்டியது. சரி என்று விட்டுவிட்டோம். விடிந்து பார்த்தால் குழியில் மட்டம் இறங்கி, ஓரம் சரிந்திருந்தது. சென்ட்ரிஃபியூகல் பம்ப் பாலிமரின் நீளமான சங்கிலிகளை நறுக்கிவிட்டிருந்தது. அதனால் குறைந்த நொடிகளைக் கரைசலில் மிதந்த நுண்மண் ஈடுகட்டியிருந்தது. கோனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

விஸ்கோமீட்டரின் அருமை எனக்குப் புரிந்தது அதற்கப்புறம்தான். எங்கள் புதுக் கரைசல் நிமிடத்துக்கு 600 சுழற்சியில் 20 காட்டும், அதாவது 10 சென்டிபாய்ஸ் (கெட்டித்தன்மையின் அலகு). அதே கரைசல் 3 சுழற்சியில் 2 காட்டும். அங்கே ஒரு கோடு 100 சென்டிபாய்ஸ் என்பதால் அது 200! வேகம் குறையக் குறைய இது அவ்வளவு கெட்டியாகிறது. குழியிலிருந்து மண்ணுக்குள் கரைசல் கசிவதும் மெதுவாகத்தானே? அதைத் தடுப்பது இந்த 200தான். அன்று காலை மிஞ்சிய கரைசலை 6 சுழற்சியில் வைத்தேன். 3 காட்ட வேண்டியது 1கூடக் காட்டவில்லை.

குறையும் உண்டு. 3 சுழற்சியில் முள் ஒரு கோடு, இரண்டு கோடு என்றே நிற்பதால், சின்ன மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. அதனால் 6 சுழற்சியையும் சேர்த்தே குறிக்கிறேன். பென்டோனைட்டுக்குப் போடும் யீல்ட் பாயிண்ட் (கரைசல் நகரத் தொடங்கத் தேவையான விசை) கணக்கை இங்கே போடாதீர்கள். 600, 300 அளவுகளை நேர்கோட்டில் நீட்டிப் பெறும் எண் அது. பாலிமரின் கோடோ வளைந்தது.

தண்ணீரையும் கவனியுங்கள். கடலோர சைட்டில் போர்வெல் தண்ணீர் கடினமாக இருந்தால், எவ்வளவு தூள் போட்டாலும் கெட்டிப்படாது. முதலில் சோடா ஆஷ் போட்டு பி.ஹெச். ஏற்றிவிட்டுக் கலக்குங்கள்.

இப்போது எங்கள் சைட்டில், சங்கிலிகளை அவ்வளவாக நறுக்காத டயாஃப்ரம் பம்ப்தான் ஓடுகிறது. இரவு முழுக்கத் திறந்து கிடக்கப்போகும் குழி என்றால், கோன் என்ன சொன்னாலும் 6 சுழற்சி அளவைப் பார்க்காமல் நான் கிளம்புவதில்லை. புதிதாக வாங்குபவர்கள் விலை குறைவு என்று இரு வேக மாடலுக்குப் போகாதீர்கள். அதில் 600, 300 மட்டும்தான் இருக்கும்.